வீட்டு வசதிச் சங்கங்களும் குடியிருப்போரும்

இங்கிலாந்தில் சுமார் 40 லட்சம் குடும்பங்கள் குறைந்த வாடகையில் விடப்படும் பொது வீடுகளில் வசிக்கின்றன. இவ்வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை இன்று நகரசபைகளின் சொத்தல்ல. லாப நோக்கமின்றி நடைபெறும் வீட்டு வசதிச் சங்கங்களின் சொத்தாகும். இச்சங்கங்களின் வருஷாந்தர அறிக்கைகளைப் புரட்டுவோர், குடியிருப்போருடன் நிர்வாகம் கலந்து பழகும் விதத்தைப் பற்றிய அத்தியாயத்தைத் தவறாமல் காண்பர். தோட்டம் வளர்ப்போர் கூட்டம், விடுமுறையில் குழந்தைகளுக்கு விளையாட்டு, வேலையற்றோர்க்குப் பயிற்சி, முதியோர்க்குத் தேநீர் விருந்து ஆகிய யாவும் அதில் வர்ணிக்கப்பட்டிருக்கும். இவற்றை நாம் இகழ்வதாக எவரும் எண்ண வேண்டாம். தனிமையில் வாடும் முதியவருக்கு அந்த ஒரு கோப்பைத் தேநீர் சிறிய விஷயமன்று. ஆயினும் வீட்டுக்கு உடையவருக்கும் அதில் குடியிருப்பவருக்கும் உள்ள சம்பந்தம் முதலாவதாக ஒப்பந்த சம்பந்தமே. ஒருவர் வாடகை செலுத்துகிறார். மற்றவர் மனிதர் வசிக்கத் தகுந்த வீட்டை அளிக்கக் கடமைப்பட்டிருக்கிறார். இக்கடமை நிறைவேறாத இடத்தில் விருந்தும் விளையாட்டும் எதற்கு ஈடாகும்?

இப்பழக்கம் புதிதன்று. 1865-ஆம் வருஷத்தில் ஆக்டேவியா ஹில் என்னும் மாதரசி, ரஸ்கின் கொடுத்த பணத்தைக்கொண்டு லண்டன் மேரிலபோன் பகுதியில் ஏழைகளின் வீடுகளை நிர்வகிக்கத் தொடங்கினார். முதலுக்கு நூற்றுக்கு ஐந்து வருமானம் வரவேண்டும் என்பது ஏற்பாடு. அவரும் அவருடைய தோழியரும் வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று வாடகை வசூலித்ததோடு குடும்பங்களின் க்ஷேமத்தையும் விசாரித்து வந்தனர். அவருடைய நன்னோக்கத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் எது நல்லது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவரிடமே இருந்தது, குடியிருந்தோரிடம் இல்லை. ஐம்பது வருஷங்களுக்குப் பின் கிளாஸ்கோ நகரத்தில் நடந்தது வேறு. 1915-இல் யுத்த காலத்தைச் சாக்காக வைத்து வாடகையை உயர்த்திய சொந்தக்காரர்களுக்கு எதிராக மேரி பார்பர் முதலிய பெண்மணிகள் வாடகை மறுப்புக் கிளர்ச்சி நடத்தினர். அந்த வருஷமே பார்லிமெண்டு வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றியது. அவர்களை எந்த நிர்வாகமும் ஆலோசனைக்கு அழைக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிப்பார்களாக.

இனி, இக்காலத்து விஷயத்துக்கு வருவோம். வட இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 2012-இல் நகரசபையின் வீடுகளை ஏற்றுக்கொண்ட ஒரு சங்கம், குடியிருப்போரும் ஊழியர்களுமே கூட்டுச் சொந்தக்காரர் என்ற ஏற்பாட்டைக் கொண்டது. குடியிருப்போர் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளின் சபையும் அதற்கு உண்டு. ஜனநாயக அமைப்புக்கு இதற்கு மேல் காகிதத்தில் எழுத என்ன இருக்கிறது? அந்தச் சங்கத்தின் வீடொன்றில் வசித்த அவாப் இஷாக் என்னும் குழந்தை, இரண்டாவது பிறந்த நாள் கழிந்து எட்டு நாட்களில், 2020 டிசம்பர் மாதம் உயிர் நீத்தது. வீட்டுச் சுவர்களில் ஓதமேறிப் படர்ந்திருந்த பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததே மரணத்துக்குக் காரணமென்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். தகப்பனார் முதலில் புகார் செய்தது 2017-இல். மேலே வர்ணம் பூசிக்கொள்ளும்படி அவருக்குச் சொல்லப்பட்டது!

விசாரணையில் வெளிவந்த இரண்டு சங்கதிகள் நம்மைத் திடுக்கிடச் செய்கின்றன. தகப்பனார் 2020-இல் வக்கீலை நாடியபின், அந்தத் தரப்பின் சம்மதம் கிடைக்கும் வரை பழுது பார்க்காமல் நிறுத்தி வைப்பதே சங்கத்தின் வழக்கமாக இருந்தது. உரிமையைக் கோரி நோட்டீசு விடுத்தவனுக்குக் கிடைத்த பலன் தாமதம்! சட்டம் பயின்ற எவரும் இதைக் கேட்டுத் தலை குனிய வேண்டும். இரண்டாவது, சூடான் தேசத்திலிருந்து வந்த அக்குடும்பத்தின் வாழ்க்கை முறையே ஈரத்துக்குக் காரணமாயிருக்கும் என்று நிர்வாகம் அனுமானித்தது. அது தவறென்று சங்கமே பின்னர் ஒப்புக்கொண்டது. ஓதத்துக்குக் குடியிருப்போரின் வாழ்க்கை முறையைப் பழி கூறலாகாதென்று வீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மன் 2021 அக்டோபரிலேயே தனி அறிக்கை வெளியிட்டிருந்தார்.

லண்டன் கிரென்பெல் கோபுரத்தின் கதையும் இதற்குச் சமீபமானதே. 2017 ஜூன் 14-ஆம் தேதி மூண்ட தீயில் 72 பேர் மாண்டனர். அந்த மாளிகையை நிர்வகித்தது வீட்டு வசதிச் சங்கமன்று. குடியிருப்போர் பெயரால் அமைந்த ஒரு நிர்வாக ஸ்தாபனம். தீ விபத்தைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்த குடியிருப்போர் அங்கே இருந்தனர். அவர்களில் சிலரைக் கலகக்காரர்களாகவே அந்த ஸ்தாபனம் கருதியதென்று 2024 செப்டம்பரில் வெளியான இறுதி விசாரணை அறிக்கை கூறுகிறது.

சட்டம் இவ்வளவு காலம் என்ன செய்துகொண்டிருந்தது? 2011-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, குடியிருப்போருக்குப் பெருங்கேடு நேர்ந்தது அல்லது நேருமென்று காட்டினாலொழிய, ஒழுங்குமுறை அதிகாரி அவர்கள் விஷயத்தில் தலையிடலாகாதென்று கையைக் கட்டிவிட்டது. 2023-இல் நிறைவேறிய சட்டம் அக்கட்டை அவிழ்த்தது. 2024 ஏப்ரல் முதல் புதிய விதிகள் அமலில் உள்ளன. ஆயிரம் வீடுகளுக்கு மேற்பட்ட ஸ்தாபனங்களை நான்கு வருஷங்களுக்கு ஒருமுறை நேரில் பரிசோதித்து, நான்கு தரங்களாகப் பிரித்து மதிப்பிடுகின்றனர். திருப்தியை அளக்க 22 அளவுகோல்களும் உண்டு. இவற்றில் 12, குடியிருப்போரை வினவி அறிபவை. அளவுகோல் வேண்டியதுதான். ஆனால் எண்ணை உயர்த்துவதற்கென்றே சில நிர்வாகங்கள் முயலக்கூடும் என்ற பயமும் நமக்கு உண்டு. திருப்தியடைந்தீரா என்று கேட்பது ஒன்று. எந்தக் கூரையை முதலில் பழுது பார்ப்பதென்ற தீர்மானத்தில் இடமளிப்பது மற்றொன்று.

நிர்வாகிகள் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. 2016 முதல் நான்கு வருஷங்கள் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் வாடகையைக் குறைக்கச் சர்க்கார் கட்டளையிட்டது; பழுது பார்க்கும் பணம் அந்த வாடகையிலிருந்துதான் வரவேண்டும். கூட்டம் கூட்டினால் எப்பொழுதும் அதே நாலு பேர்தான் வருகின்றனர் என்பது அவர்களுடைய மற்றொரு முறையீடு. ஏன் வருவதில்லை? இரவு முறை வேலைக்குச் செல்பவனும் கைக்குழந்தைக்காரியும் ஆங்கிலம் சரளமாகப் பேச வராதவரும் மாலைக் கூட்டத்துக்கு எப்படி வருவர்? சென்ற கூட்டத்தில் சொன்னது என்னவாயிற்று என்று அறியாதவன் அடுத்த கூட்டத்துக்கு எதை நம்பி வருவான்? வரும் அந்த நாலு பேரையாவது தொல்லைக்காரர் என்று ஒதுக்காமல் இருக்கிறார்களா என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

அக்குழந்தையின் பெயரையே தாங்கிய விதிகள் 2025 அக்டோபர் 27 முதல் அமலுக்கு வந்துள்ளன. உயிருக்கு அபாயமான குறையை 24 மணி நேரத்துக்குள் கவனிக்கவேண்டும். கடுமையான ஓதத்தையும் பூஞ்சணத்தையும் 10 வேலை நாட்களுக்குள் பரிசோதித்து, அதன்பின் 5 வேலை நாட்களுக்குள் அபாயத்தை நீக்கவேண்டும். கண்டறிந்ததை எழுத்து மூலமாகக் குடியிருப்பவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இங்கே தயவுக்கும் தாக்ஷண்யத்துக்கும் இடமில்லை; தேதி தவறினால் நியாயஸ்தலத்துக்குப் போகலாம். குடியிருப்போருடன் கலந்து பழகும் வேலைக்கென்றே சம்பளம் பெறும் உத்தியோகஸ்தர்கள் பல சங்கங்களில் இருக்கின்றனர். இந்த நாட்கணக்கை ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, அந்த வீட்டார் பேசும் பாஷையிலேயே சொல்லி வருவதை அவர்களுடைய முதல் வேலையாக நியமிக்கலாம் என்பது நமது யோசனை. தேநீர் விருந்தை அதன் பிறகு வைத்துக்கொள்ளட்டும்.