மண்டபத்தில் சிக்கும் மாத்திரைகள்... உங்க தெரு மெடிக்கல் ஷாப்புக்கு என்ன பாடம்?

மண்டபம், வேதாளை, தனுஷ்கோடி... 'இலங்கைக்குக் கடத்த முயன்ற மாத்திரைகள் பறிமுதல்' என்ற செய்தியோட இந்த ஊர்ப் பெயர்களை அடிக்கடி பார்த்திருப்பீங்க. தங்கம், கஞ்சா சரி. மாத்திரையை ஏன் கடத்தணும்?

இப்படிச் சிக்குறதுல முக்கியமானது ப்ரீகேபலின். நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் டாக்டர்கள் எழுதித் தர்ற மருந்துதான். அளவை மீறினா மயக்கம், போதை; விட முடியாத பழக்கமாகவும் மாறலாம். ஒரே மாத்திரைதான். ஆனா, நாட்டுக்கு நாடு அதுக்குப் போடுற பூட்டு வேற.

இலங்கை: 2015-ம் ஆண்டுச் சட்டப்படி தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபைதான் எல்லாத்துக்கும் பொறுப்பு. அங்கே பதிவாகாம, அனுமதி இல்லாம படகுல வந்து இறங்குற மருந்து சட்டவிரோதம்.

பிரிட்டன்: 2019 ஏப்ரல் 1 முதல் ப்ரீகேபலின் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. சீட்டு 28 நாள்தான் செல்லும். பொதுவா 30 நாளுக்கு மேல மாத்திரை எழுதித் தரக் கூடாதுன்னு டாக்டர்களுக்கு அறிவுறுத்தல்.

ஜெர்மனி: மருந்துக்கடையோட உரிமையாளரே ஃபார்மசிஸ்ட்டா இருக்கணும். ஒருத்தர் அதிகபட்சம் நாலு கடைதான் நடத்த முடியும். வியாபாரியும் பொறுப்பாளியும் ஒரே ஆள்!

இந்தியா: இங்கே கடையை யார் வேணும்னாலும் வைக்கலாம். ஆனா, மருந்து எடுத்துக் கொடுக்க பதிவுபெற்ற ஃபார்மசிஸ்ட் இருக்கணும்னு 1948-ம் ஆண்டு ஃபார்மசி சட்டம் சொல்லுது. மீறினா 3 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். முக்கியமான பல ஆன்டிபயாட்டிக், தூக்க மாத்திரைகள் 'ஹெச்1' பட்டியல்ல இருக்கு. அதை வித்தா டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தோட அளவை எல்லாம் தனி நோட்டுல எழுதி, 3 வருஷம் பத்திரப்படுத்தணும். 2014 மார்ச்லேருந்து இதுதான் விதி.

ஆக, நம்மகிட்ட சட்டம் இல்லாம இல்ல. நடைமுறையிலதான் சிக்கல். "அண்ணே, காய்ச்சலுக்கு நாலு மாத்திரை கொடுங்க"ன்னு நாம கேட்குறோம், கடைக்காரரும் சீட்டு இல்லாமலே கத்தரிச்சுக் கொடுக்குறார். பெட்டி பெட்டியா கடத்துற கும்பலும் உங்க தெருக்கடையும் ஒண்ணு இல்லதான். ஆனா, கணக்குல வராத ஒவ்வொரு மாத்திரையும், அது எங்கே போகுதுன்னு தெரியாம ஆக்கிடுது.

பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. சீட்டு இல்லாம ஆன்டிபயாட்டிக் விக்கிற கடைகளைப் பிடிக்க, 2024 ஜனவரியில கேரளா 'ஆபரேஷன் அம்ரித்'னு திடீர் சோதனைகளை ஆரம்பிச்சது. அங்கேயும் சட்டம் இதேதான். தேடிப்போய்ப் பார்க்க ஆள் வந்தாங்க, அவ்வளவுதான்.

நீங்க செய்ய வேண்டியது மூணு. அட்டையில சிவப்புக் கோடு இருந்தா சீட்டு இல்லாம வாங்காதீங்க. பேட்ச் நம்பர் போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்க. "ஃபார்மசிஸ்ட் யாருங்க?"ன்னு ஒரு தடவை கேளுங்க. இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு, கூச்சப்பட எதுவுமே இல்ல!