நுண்ணலை என்னும் சொல்லும் ராடாரும்

'நுண்ணலை' என்னும் சொல்லைக் கேட்கும் மாணவன், கண்ணுக்கே புலனாகாத அளவுக்குக் குறுகிய அலை என்று எண்ணிக்கொள்கிறான். ராடாருக்குப் பயன்படுவனவோ பெரும்பாலும் சில சென்டிமீட்டர் நீளமுடையவை; வானொலி ஒலிபரப்பின் நெடிய அலைகளோடு ஒப்பிடும்போதே அவை நுண்ணியவை. எனவே, பெயரைக் கற்பிப்பவர் காரணத்தையும் கற்பித்தல் வேண்டும் என்பது என் கருத்து.

காரணம் எளியது. ஒரு பாகை அகலமுள்ள அலைக்கற்றை வேண்டுமாயின், ஆன்டெனாவின் விட்டம் அலைநீளத்தைப்போல் ஏறத்தாழ 70 மடங்கு இருத்தல் வேண்டும். 10 மீட்டர் அலைக்கு அது 700 மீட்டராகும், 10 செ.மீ. அலைக்கு 7 மீட்டரே போதும். 1940-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் ஆகிய இருவரும் ஆக்கிய குழியறை மாக்னெட்ரான் இத்தகைய குற்றலைகளை மிகுந்த ஆற்றலுடன் தந்தமையால் இது கைகூடிற்று.

அங்ஙனமாயின், அலை குறுகக் குறுகச் சிறப்பன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று. 3 செ.மீ. அலை சிறு துளிகளையும் நன்கு காட்டும்; ஆயினும் கனமழையைக் கடக்கையில் வலுவிழக்கும். அம்மழைக்கு அப்பால் வெறுமையாகத் தோன்றும் இடத்திலும் பெருமழை பெய்துகொண்டிருக்கலாம். 2002-இல் சென்னையில் நிறுவப்பட்ட டாப்ளர் ராடார், புயல்மழையை ஊடுருவிக் காணவல்ல 10 செ.மீ. அலையினதாக அமைந்தது இதனாலேயே.

ஆதலின், களப்பணியாளர் ராடார்ப் படத்தை நோக்குமுன் அதன் அலைநீளத்தைக் கேட்டறிதல் நன்று. எதிரொலி இல்லாமை மழையின்மைக்குச் சான்றாகாது. எச்சரிக்கையை எதிர்நோக்கியிருக்கும் கடலோர மக்களுக்கு இவ்வேறுபாடு உயிர்நிலையானது.