கிணற்று நீரும் கிளிநொச்சி ஆய்வுகூடமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆறில்லை. ஐப்பசி முதல் மார்கழிவரை பெய்யும் மாரிமழையே அதன் ஆறு. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளே அதன் குளம். கிணற்றை நம்பி வீடு கட்டினோம். கிணற்றை நம்பித் தோட்டஞ் செய்து பிள்ளைகளைப் படிப்பித்தோம். இன்று அக்கிணற்றை நம்பாதார் தொகை பெருகிவருகின்றது. சட்டத்தரணியும் வைத்தியரும் எந்திரியும் போத்தல் நீர் வாங்குகின்றனர். தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவன், தன் பாட்டன் துலா மிதித்து இறைத்த அதே கிணற்று நீரைக் குடிக்கின்றான். இவ்வேற்றுமையைச் சாதாரணமென்று எண்ணிவிடலாகாது.

நோய் எதுவென்பது புதிதாகக் கண்டறியவேண்டியதன்று. செம்மண் தோட்டங்களில் அளவின்றி இடப்படும் யூரியாவும், வளவுக்கு வளவு தோண்டப்பட்ட மலசலகூடக் குழிகளும் நைத்திரேற்றாக மாறி, பாறை வெடிப்பின் வழியே கிணற்றை அடைகின்றன. 1980களிலேயே ஆய்வாளர்கள் இதனை எழுதி எச்சரித்தனர். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் கமங்களில், கிணற்று நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்பட்ட குழந்தைகள் நீலம் பாரித்த காரணத்தை கொம்லி என்னும் வைத்தியர் வெளியிட்டார். நைத்திரேற்றின் கேட்டினால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலியை இழக்கின்றது. ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுக்களே இதற்கு முதற் பலி.

நீரைக் கொதிக்கவைத்தால் தீங்கு நீங்குமென்று நம் தாய்மார் நம்புகின்றனர். கிருமியைப் பொறுத்தவரை அந்நம்பிக்கை சரி. நைத்திரேற்றோ கொதிப்பதனால் அழிவதில்லை. நீர் ஆவியாகக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அது செறிவடைகின்றது. மண் வடிகட்டியும் அதனைத் தடுக்காது. ஆர்.ஓ. என வழங்கும் யந்திரம், அழுத்தத்தினால் நீரை நுண்ணிய மென்சவ்வின் ஊடாகத் தள்ளி, அதனைப் பெருமளவு நீக்கும் என்பது உண்மையே. ஆனால் நீக்கப்பட்டது எங்கே போகின்றது? செறிந்த கழிவுநீராக வெளியேறி, பின்வளவுக் குழியில் ஊற்றப்பட்டு, அயல் வீட்டானின் கிணற்றைச் சேர்கின்றது. நம் நிலத்தின் அமைப்பை எண்ணாமல் யந்திரம் விற்போரை நாம் குறைகூறிப் பயனில்லை, அவர் வியாபாரி. அதனை ஆராய்ந்து சொல்லவேண்டியவர் வேறு.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இயங்குகின்றன. நீரைத் தூய்மையாக்கல், விளைபொருளை உலர்த்தல், சூரிய வெப்பத்தைப் பயன்படுத்தல் ஆகியவை அங்குள்ளோரின் கல்விக்கு உட்பட்டவை. அக்கல்வி கமக்காரனின் வளவுக்கு வரவேண்டும் என்பதே நமது வேண்டுகோள். ஓர் உதாரணம் கூறுவோம். 1872ஆம் ஆண்டில் சிலி நாட்டின் லாஸ் சலினாஸ் பாலைநிலத்தில், வில்சன் என்னும் பொறியியலாளர் கண்ணாடிக் கூரையிட்ட தொட்டிகளை வரிசையாக அமைத்து, உவர்நீரை வெயிலினால் ஆவியாக்கி நன்னீர் பெற்றார். சுரங்கத் தொழிலாளரும் அவர்களின் கழுதைகளும் பல்லாண்டு அந்நீரைக் குடித்தனர். இன்றும் எளிய கண்ணாடித் தொட்டி, ஒரு சதுர மீற்றர் பரப்பில், நல்ல வெயில் நாளில் மூன்று நான்கு லீற்றர் நீர் தரும். ஒரு குடும்பத்துக்கு அது போதாது. ஒரு சிசுவின் பாலுக்கு அது தாராளம்! நைத்திரேற்று ஆவியுடன் ஏறாது. சீமெந்தும் கறுப்புப் பூச்சும் கண்ணாடியும் நம் ஊர்க் கடையிலேயே உண்டு. வெயிலுக்கு எந்த மந்திரியும் இன்னும் வரி விதிக்கவில்லை.

ஆயினும் இத்தொட்டியையே எங்கும் வையுங்கள் என்று நாம் சொல்லமாட்டோம். எண்ணெய் கலந்த கிணற்றுக்கு இது ஆகாது. எண்ணெயின் இலேசான கூறுகள் ஆவியுடன் கூடவே ஏறிவந்துவிடும். சுன்னாகத்தை மறந்தோமில்லை. அங்கே அனல் மின் நிலையம் நடத்திய தனியார் நிறுவனம் நிலத்தடி நீரை மாசுபடுத்தியதென்று 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணித்தது. நட்டஈடு நியாயமானது, ஆனால் கிணறு கெட்டபின் கிடைத்தது. எந்தக் கிணற்றில் நைத்திரேற்று, எதில் உவர், எதில் எண்ணெய் என்று முன்னரே சோதித்து ஊரறிய எழுதிவைத்திருந்தால், வழக்கு மன்றம் போகுமுன்னரே மக்கள் விழித்திருப்பர்.

கமக்காரனிடம் பசளையைக் குறை என்று சொல்வது எளிது. 2021இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, அவ்வாண்டு முடியுமுன் தன் கட்டளையைத் தானே விலக்கிக்கொண்டது. அந்தப் பேதைமையை நாம் வழிமொழியவில்லை. குறைந்த பசளையிற் கிடைக்கும் விளைவுக்கு நிறைந்த விலை கிடைக்க வழிகாட்டவேண்டும். மிளகாய் மலிந்த வாரத்தில் அதனைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகின்றான். இல்லையேல் தெருவோரத்திற் பாய் விரித்துக் காயவைத்து, தூசிக்கும் கோழிக்கும் பங்கு கொடுக்கின்றான். முற்றும் உலராத மிளகாயிற் பூஞ்சணம் பிடித்தால் அபிளாரொக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். 1960இல் இங்கிலாந்தில் இலட்சம் வான்கோழிகளைக் கொன்று தன்னை அறிவித்த நஞ்சு அது. இதற்கும் வெயிலே மருந்து. 30 பாகை வெப்பமும் 80 வீத ஈரப்பதனும் உள்ள காற்றைச் சூரிய வெப்பத்தினால் 50 பாகைக்கு உயர்த்தினால், அதன் ஈரப்பதன் 28 வீதமளவுக்கு இறங்குகின்றது. கூடாரத்தினுள்ளே அக்காற்று மிளகாயையும் ஒடியலையும் தூசியின்றி உலர்த்தும். தனியொருவனாற் கட்டமுடியாத கூடாரத்தை ஒரு கூட்டுறவுச் சங்கம் கட்டலாம்.

வடமராட்சி கிழக்கில், தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. இனிக் கிணற்றைப் பற்றிக் கவலை ஏன் என்று கேட்போர் உளர். குழாய் நீர் வெங்காயப் பாத்திக்கு வாராது. நிலாவரையின் மேல் நன்னீரும் அடியில் உப்புநீரும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு, குடாநாட்டின் நன்னீர் எவ்வளவு மெல்லிய படலமென்பதை விளக்கவேண்டியதில்லை. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி இறங்கினால், அடியில் உப்பு நாற்பதடி ஏறுமென்பது கணக்கு.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பொதுச் சுகாதாரத்தைப் பிரதேச சபைகளின் கையில் ஒப்படைத்தது. 2025 மே மாதம் தெரிவான சபைகள் தம் வரவுசெலவுத் திட்டத்தில், ஒவ்வொரு வட்டாரத்துக் கிணறுகளையும் மாரிக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையும் சோதிக்கப் பணம் ஒதுக்கட்டும். சோதனையைப் பொறியியற் பீடத்திடம் ஒப்படைக்கட்டும். முடிவைத் தமிழில் எழுதி வாசிகசாலைச் சுவரில் ஒட்டட்டும். ஒட்டத் தயங்கும் சபையிடம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கும் உரிமை ஒவ்வொரு பிரசைக்கும் உண்டு. மனு எழுதத் தெரியாத கமக்காரருக்கு, போத்தல் நீர் குடிக்கும் நம் சட்டத்தரணி நண்பர்கள் கூலியின்றி எழுதிக்கொடுப்பார்களாக.