டீஃபால்ட் மலை ஏறாது

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த வளைவுகளில் போன் சிக்னல் எத்தனை தடவை போய்ப் போய் வரும்ங்கறது பஸ்ஸில் ஏறினவங்களுக்குத்தான் தெரியும். எங்க மினி ப்ராஜெக்ட் மாட்டிக்கிட்டதும் அங்கேதான்.

சோளக்காடு பக்கம் ஒரு மிளகுத் தோட்டம். மண் ஈரம் அளக்கிற சென்சார், ஒரு ராஸ்பெர்ரி பை, சிம் போட்ட டாங்கிள். பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை அளவும் ஒரு போட்டோவும் சர்வருக்குப் போகணும். சி-யில் எழுதி, அனுப்புற வேலையை லிப்கர்ல் லைப்ரரியிடம் விட்டோம். லேபில் அருமையா ஓடினது, மலையில் அப்பப்போ கால் மணி நேரத்துக்கு மேல் அப்படியே நின்னது. எரர்கூட வரலை. "தம்பி, நேத்து மழையில உங்க மெஷின் என்ன சொல்லுச்சு?"ன்னு தோட்டக்காரர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. டேட்டா முக்கியமா வேண்டிய நேரத்தில்தான் சிக்னலும் போகுது.

காரணம் லினக்ஸ் கர்னலின் டீஃபால்ட். அனுப்பின டேட்டாவுக்கு ஒப்புதல் வரலைன்னா, டிசிபி இடைவெளியைக் கூட்டிக்கூட்டி 15 தடவை திரும்ப அனுப்பிப் பார்க்கும். கைவிடக் குறைந்தது சுமார் 924 வினாடி ஆகும். இதற்குள் சிக்னல் திரும்பி, வெளி ஐபி முகவரி மாறியிருந்தால் பழைய இணைப்பு செத்ததுதான். ஆனாலும் கர்னல் விடாது.

டீமில் மூணு யோசனை வந்தது. லைப்ரரியின் சோர்ஸையே திருத்தலாம்னு ஒருத்தன் சொன்னான். அப்புறம் ஒவ்வொரு செக்யூரிட்டி அப்டேட்டுக்கும் அதே திருத்தத்தை யார் போடறது? கர்னல் செட்டிங்கை மாத்தினால் அந்த மெஷினின் எல்லா இணைப்பும் சேர்ந்து மாறும். மொத்த டைம்அவுட் வச்சால், மெதுவா ஆனா ஒழுங்கா போய்க்கிட்டிருக்கிற போட்டோவும் பாதியில் வெட்டுப்படும்.

சரியான இடம் லைப்ரரியிலேயே இருந்தது. ஸ்வீடனின் டேனியல் ஸ்டென்பெர்க் தொடங்கிய கர்லில், 2006-இல் வந்த 7.16.0 பதிப்பிலிருந்தே சாக்ஆப்ட்ஃபங்ஷன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. நம்ம ஃபங்ஷன் ஒன்றை அதில் கொடுத்து வைக்கணும். லைப்ரரி சாக்கெட்டை உருவாக்கின பிறகு, கனெக்ட் பண்றதுக்கு முன்னாடி, அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டு சாக்கெட்டை நம்ம கையில் தரும். உள்ளே செட்சாக்ஆப்ட் போட்டு டிசிபி யூசர் டைம்அவுட்டை 30,000 மில்லி வினாடின்னு வச்சோம். ஒப்புதல் வராமல் 30 வினாடி போனால் கர்னலே இணைப்பை முடிச்சிடும். பூஜ்யம் ரிட்டர்ன் பண்ணினால் லைப்ரரி மேலே போகும், 1 என்றால் சாக்கெட்டை மூடிவிடும். சாக்ஆப்ட்டேட்டா வழியா ஒரு பாயின்டரும் அனுப்பலாம். மலைக்கு ஒரு மதிப்பு, ஊருக்கு ஒரு மதிப்புன்னு ஒரே ஃபங்ஷன் போதும்.

இதனால் சிக்னல் ஒன்றும் முளைக்கலை. ஆனா தோல்வி சீக்கிரம் தெரிஞ்சது. அளவை மெமரி கார்டில் எழுதி வச்சு, அடுத்த முறை சேர்த்து அனுப்ப முடிஞ்சது.

என் கருத்து இதுதான். எங்கேயோ உட்கார்ந்து லைப்ரரி எழுதுறவருக்கு சோளக்காட்டு சிக்னல் தெரிய வாய்ப்பில்லை. எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரு ஆப்ஷன் வைக்கவும் முடியாது. அதனால்தான் சரியான நொடியில் நம்மைக் கூப்பிட்டுக் கேட்கிறார். கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது நம்ம பொறுப்பு. நெட்வொர்க் லேபில் சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட்னு மனப்பாடம் பண்றோம். செட்சாக்ஆப்ட் வரியை மட்டும் ஏன்னு கேட்காமல் காப்பி அடிக்கிறோம். ஒரே ஒரு லேப் வகுப்பில், டேட்டா போகும்போது ஐபிடேபிள்ஸ் வச்சு பாக்கெட்டை டிராப் பண்ணிட்டு, நம்ம ப்ரோக்ராம் எவ்வளவு நேரம் முழிக்குதுன்னு கடிகாரம் வச்சுப் பார்க்கட்டும்.

ஜூனியர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. கீப்அலைவ் மாதிரி சிலதுக்கு லைப்ரரியிலேயே நேரடி ஆப்ஷன் இருக்கு. முதல்ல அதைத் தேடுங்க. அப்புறம், பழைய இணைப்பையே லைப்ரரி மறுபடி பயன்படுத்தினால் கால்பேக் ஓடாது. புது சாக்கெட்டுக்குத்தான் ஓடும். இது தெரியாமல் நாங்க ஒரு ராத்திரி தூக்கத்தைத் தொலைச்சோம். நீங்க நிம்மதியா தூங்குங்க.