சினத்திற்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை இல்லை

“அவருக்குக் கோபம் அதிகம், ஆனால் மனது தங்கம்.” நம் குடும்பங்களில் யாரேனும் ஒருவரைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். கோபத்தைக் குணமென ஏற்றுக்கொண்டு, வீட்டிலுள்ள மற்றவர்களை அதற்கேற்ப நடக்கச் சொல்கிறோம். இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே நம் கருத்து.

பம்மலில் வாழும் நமக்குச் சினம் கொள்ளக் காரணங்கள் குறைவல்ல. பல்லாவரம்–குன்றத்தூர் சாலையின் நெரிசல், கோடையில் தண்ணீர் லாரிக்கான காத்திருப்பு, தோல் பதனிடும் கூடத்திலோ கடையிலோ நாள் முழுதும் நின்ற களைப்பு ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. இவற்றையெல்லாம் பொறுத்து, முதலாளியிடமும் பணிவாகப் பேசிவிட்டு வரும் ஒருவர், குழம்பில் உப்புக் குறைந்ததற்காகத் தட்டைத் தள்ளிவிடுகிறார். முதலாளியின் முன் அடக்க முடிந்த சினத்தை மனைவியின் முன் அடக்க முடியாதா? முடியும். திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில் நாம் அடக்க முயல்வதில்லை, அவ்வளவே.

தமக்கு அறிவுரை கூறுமாறு வேண்டிய ஒருவரிடம், கோபம் கொள்ள வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அவர் திரும்பத் திரும்பக் கேட்டபோதும் அதே விடையையே அளித்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 134-ஆம் வசனம் இறையச்சமுடையோரின் பண்புகளைக் கூறுகையில் சினத்தை அடக்குவதையும் மன்னிப்பதையும் அடுத்தடுத்து வைக்கிறது. அங்கே அடக்குதலைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வேர், நீர் நிரம்பிய தோற்பையின் வாயைக் கட்டுவதைக் குறிக்கும். பை நிரம்பியிருப்பது குற்றமன்று. அதன் வாயைத் திறந்துவிடாமல் காப்பதே நம் பொறுப்பு.

அதற்கான வழிகளும் நபிமொழிகளில் உள்ளன. ஷைத்தானை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுதல், வாய் மூடியிருத்தல், நிற்பவர் அமர்தல், அப்போதும் தணியாவிட்டால் படுத்தல், ஒளூச் செய்தல். சினத்தில் இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, உடல் மோதலுக்குத் தயாராகிறது. அமர்வதும் தண்ணீரைத் தொடுவதும் அந்த வேகத்தைத் தணிக்க நேரம் தருகின்றன.

இவற்றோடு நாம் அதிகம் பேசாத ஒரு நெறியும் உண்டு. நபித்தோழர் அபூபக்ரா (ரலி) அவர்கள், ஸிஜிஸ்தானில் நீதிபதியாக இருந்த தம் மகனுக்கு, கோபத்தில் இருக்கும்போது இருவருக்கிடையே தீர்ப்பளிக்க வேண்டாம் என்று கடிதம் எழுதினார்கள். நபி (ஸல்) அவர்களிடம் தாம் கேட்டதையே அதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள். சட்டம் கற்ற நீதிபதிக்கே இந்தத் தடை என்றால், இரவு பத்து மணிக்குக் களைத்து வீடு திரும்பும் நமக்கு? மகனின் படிப்பை நிறுத்துவது, மகளின் கைப்பேசியை உடைப்பது, தம்பியின் வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்வது ஆகிய அனைத்தும் தீர்ப்புகளே. சினத்தில் எழுந்த எந்த முடிவும் மறுநாள் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் மீண்டும் எண்ணிப் பார்க்கப்படும் வரை செல்லாது என்று நாமே வீட்டில் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்.

இதன் கடுமையான எடுத்துக்காட்டு தலாக். ஒரே மூச்சில் கூறும் முத்தலாக் செல்லாது என்று 2017 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மூன்றாண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றமாக்கியது. அச்சட்டம் பற்றி நம்மிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு. ஆயினும் குர்ஆன் காட்டும் வழி பொறுமையானது: இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவர், பின்னர் இத்தா என்னும் காத்திருப்பு, அக்காலத்தில் மனைவியை வீட்டைவிட்டு வெளியேற்றாமை. ஒவ்வொரு படியிலும் சினம் ஆறுவதற்கு அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தை ஒரு நொடியில் அழித்துவிட்டு மார்க்கத்தின் பெயரைச் சொல்வது முறையன்று.

சினத்தை அடக்குவது, மனக்குறையைப் புதைப்பது ஆகாது. தணிந்த பின் காரணத்தை அமைதியாகப் பேசித் தீர்க்க வேண்டும். பேசாமல் சேர்த்து வைத்தது பிறிதொரு நாளில் வெடிக்கும். ‘ஸபர் செய்’ என்று பெண்களுக்கு மட்டும் உபதேசிப்பதும் நீதியன்று. கை ஓங்கும் இடத்தில் பொறுமையைப் போதிப்பது, அடிப்பவருக்குத் துணைபோவதாகும். அத்தகைய வீடுகளுக்குக் குடும்பப் பெரியோரும் ஜமாஅத்தாரும் உடனே செல்ல வேண்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணும், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் நம் பெண்களுக்கும் உரியவையே.

அத்தா கோபத்தில் என்ன செய்கிறார் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குரலை உயர்த்தாமல் எழுந்து ஒளூச் செய்யச் செல்லும் தந்தை, பாடமே நடத்தாமல் ஒரு பாடத்தைக் கற்பிக்கிறார். அத்தகைய வீடுகளாக நம் வீடுகளை அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.