நெஞ்சு படபடத்தால் இதயந்தான் காரணமா?



சென்ற ஆண்டு எங்கள் சாச்சி, மொட்டை மாடியில் காயவைத்திருந்த வற்றலை எடுத்துவரப் படியேறினார். பாதியில் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு அமர்ந்துவிட்டார். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது என்றார். வயது நாற்பத்திரண்டுதான். இதயக் கோளாறு என்றே வீட்டார் முடிவு கட்டிவிட்டோம்.

மருத்துவர் இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்தார், அதில் குறையேதுமில்லை. பிறகு சாச்சியின் கீழிமையைச் சற்றே இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளிறிக் கிடந்தது. இரத்தத்தைச் சோதித்தபோது 100 மில்லியில் ஹீமோகுளோபின் 7 கிராம்தான் இருந்தது. பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் குறையலாகாது, கருவுற்றவர்களுக்கு 11.

குறை இரத்தத்தில் இருக்க, இதயம் ஏன் படபடக்கிறது?

உடலெங்கும் சுற்றிவந்த இரத்தம் இதயத்தின் வலப்புறம் சேர்கிறது. அங்கிருந்து நுரையீரலுக்குச் சென்று, கரியமில வாயுவை இறக்கிவிட்டு, பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு இடப்புறம் திரும்புகிறது. இடப்புறம் அதனை மீண்டும் உடலெங்கும் செலுத்துகிறது. (வலப்புறத்து இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறத்தை அடைகிறது, நடுச்சுவரில் துளை ஏதுமில்லை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர், டமாஸ்கஸில் கல்வி கற்றுக் கெய்ரோவில் மருத்துவராயிருந்த இப்னு நஃபீஸ். இரத்தம் உடல் முழுதும் சுற்றுவதை விளக்கும் ஹார்வியின் நூல் 1628இல்தான் வெளிவந்தது.) நாம் சும்மா அமர்ந்திருக்கும்போதே ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி வீதம், நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் இரத்தத்தை இதயம் இறைத்துக்கொண்டிருக்கிறது.

பிராணவாயு இரத்த நீரில் கரைந்து செல்வது மிகச் சொற்பம். நூற்றில் 98 பங்கைச் சுமப்பது சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின்தான். அது பிராணவாயுவைப் பற்றிக்கொள்ளும் கை இரும்பு. இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும். சரக்கு வண்டிகள் பாதியாகிவிட்டால், அதே சரக்கு ஊர் போய்ச் சேர, இருக்கும் வண்டிகள் அடிக்கடி ஓட வேண்டாமா? இதயம் அதைத்தான் செய்கிறது. துடிப்பு கூடுகிறது, மூச்சும் வேகமாகிறது. நுரையீரல் நிறையக் காற்று இருந்தும் உடல் காற்றுக்கு ஏங்குகிறது. கடுமையான சோகை நெடுங்காலம் நீடித்தால் நல்ல இதயமும் ஓடி ஓடித் தளர்ந்துவிடும். எங்கள் அச்சம் அந்த வகையில் முற்றிலும் பொய்யல்ல.

ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அது அழியும்போது அதிலுள்ள இரும்பை உடல் வீணாக்குவதில்லை. எலும்பு மஜ்ஜைக்கு அனுப்பிப் புதிய அணுக்களை உண்டாக்குகிறது. ஆகவே ஆண் ஒருவர் நாளொன்றுக்கு இழப்பது ஒரு மில்லிகிராம் அளவுதான். பெண்ணுக்கோ மாதந்தோறும் இரத்தத்தோடு இரும்பும் போகிறது. ஒரு பேறுகாலம் முழுமைக்கும் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கும், தமிழ்நாட்டில் 53 பேருக்கும் இரத்தசோகை இருந்தது. ஆண்களில் நூற்றுக்கு 25 பேர்.

"நம் வீடுகளில்தான் இறைச்சி சமைக்கிறோமே, நமக்கேது சோகை?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சட்டியில் இருப்பது வேறு, தட்டில் விழுவது வேறு. பிள்ளைகளும் ஆண்களும் விருந்தினரும் உண்டு எழுந்தபின் சாச்சி அமர்வார். அப்போது சட்டியில் ஆணம் இருக்கும், துண்டுகள் இரா. சோற்றில் அதை ஊற்றி உண்டுவிட்டு, கையோடு ஒரு குவளை கடுந்தேநீர். இருபது ஆண்டுப் பழக்கம். அரிசி புடைக்கும்போது ஒரு பிடி பச்சரிசியை வாயில் போட்டு மெல்லுவதும் உண்டு. நாங்கள் கேலி செய்வோம். அரிசி, மண், பனிக்கட்டி இவற்றின் மேல் அடங்காத ஆசை எழுவது இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்பது மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது.

இறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றிலுள்ள இரும்பைக் குடல் எளிதில் ஏற்கும். கீரை, பருப்பு, கேழ்வரகு, எள் இவற்றின் இரும்பில் சிறு பங்கையே ஏற்கும். ஆனால் உடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் அந்தப் பங்கு கூடும். தேநீரும் காப்பியும் நேர்மாறு. அவற்றின் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிணைத்துக் குடலில் ஏறவிடாது. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பேரீச்சம்பழம் நல்ல பழம். எனினும் அதிலுள்ளதும் தாவர இரும்பே, அதை மட்டும் நம்பிச் சோகையைத் தீர்க்க இயலாது. பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரத்தத்தின் சிவப்புக்கும் உறவே இல்லை. ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி. கருவுற்றிருப்போர் அதனைத் தவிர்ப்பது நலம்.

7 கிராம் என்ற நிலையை உணவால் மட்டும் மீட்க முடியாது. சாச்சிக்கு மாத்திரை கொடுத்தார்கள். மலம் கறுத்துப்போகவே அவர் பயந்து நிறுத்தப் பார்த்தார். அது மாத்திரையின் இயல்பு. அளவு சரியான பின்னும் சில மாதங்கள் தொடர வேண்டும். அப்போதுதான் உடலின் சேமிப்பு நிரம்பும். எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதன்று. பி12 குறைவு, பரம்பரை நோய், கொக்கிப் புழு, வயிற்றில் மறைவாகக் கசியும் இரத்தம் என வேறு காரணங்களும் உண்டு. மாதவிலக்கு நின்ற மூதாட்டிக்கோ, ஆணுக்கோ சோகை கண்டால் காரணத்தைத் தேடாமல் மாத்திரை விழுங்குவது ஆபத்து. நெஞ்சு வலித்தாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினாலோ தாமதமின்றி மருத்துவமனை செல்லுங்கள்.

நான்கு மாதங்களில் சாச்சிக்கு 11.6 ஆகியிருக்கிறது. இப்போது ஆணம் இறக்கியதும் அவருக்குரிய துண்டுகளைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடிவைப்பது அவருடைய இளைய மகனின் வேலை. தேநீரை அஸருக்குப் பிறகு குடிக்கிறார்.