தற்காப்புக்கும் வழக்கறிஞர் வேண்டும்

உயிரைக் காக்கச் சுட்டவருக்கு வழக்கறிஞர் எதற்கு என்று கேட்கிறோம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையை வழங்குகின்றன. ஆனால் அத்தகைய சூழல் நிலவியது என்று காட்டும் சுமையைச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே ஏற்றுகிறது.

1991இல் பஞ்சாபில், தந்தை தாக்கப்பட்டபோது உரிமம் பெற்ற துப்பாக்கியால் சுட்டவரை விசாரணை நீதிமன்றம் விடுவித்தது; உயர் நீதிமன்றம் தண்டித்தது; 2010இல்தான் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சாட்சியம் ஒன்றே; வாசிப்புகள் வேறு. இடையில் கழிந்தவை 18 ஆண்டுகளுக்கும் மேல்.

கைதானவர் விசாரணையின்போதே வழக்கறிஞரைச் சந்திக்கலாம். பதற்றத்தில் உதிரும் முதல் சொல்லே புலனாய்வின் திசையை மாற்றக்கூடும். ஆகவே, வசதியற்றவருக்கான இலவசச் சட்ட உதவி நீதிமன்ற வாசலுக்காகக் காத்திராமல் காவல் நிலையத்திலேயே கிடைத்தாக வேண்டும். இல்லையேல் தற்காப்புரிமை ஏட்டுச் சுரைக்காயே.